குறைத்துப் போட்ட ஐந்து அங்குலம்

சங்கவியின் உயரம் ஆறடி. பயோடேட்டாவில் ஐந்தடி ஏழு. நடுவிலிருந்த ஐந்து அங்குலத்தை எடுத்தவர் அவளுடைய அப்பா வேங்கடேசன். எடுத்ததை எங்கே வைத்தார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் வீடு இல்லை. பதினோரு வரன்கள் விழுப்புரத்துக்கு வந்து, பெண்ணை நிற்கச் சொல்லிப் பார்த்து, காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்" என்று கிளம்பிப் போயிருந்தார்கள். ஒருவரும் தகவல் சொல்லவில்லை. பன்னிரண்டாவது வரன் திண்டிவனத்திலிருந்து வருகிறது என்றதும் தரகர் பேனாவைத் திறந்தார்.

"அஞ்சு ஏழுன்னு போட்டுக்கலாம். பொண்ண உட்கார வெச்சே காட்டுங்க" என்றார்.

அப்படியே காட்டினார்கள். பெண்ணுக்குக் காலில் சுளுக்கு என்று சொல்லி, காபித் தட்டை அம்மா கிருஷ்ணவேணியே தூக்கிக்கொண்டு போனாள். பெண் பாயில் உட்கார்ந்தபடி கும்பிட்டாள். பிடித்துப் போயிற்று. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருக்கும் வரை ஒரு தொல்லையும் இல்லை. முந்தின நாள் ரிசப்ஷன்தான் உயிரை எடுத்துவிட்டது. பட்டுப்புடவைக்குள் இரண்டு முட்டியையும் மடக்கிக்கொண்டு, இல்லாத நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரி மூன்று மணி நேரம் நின்றாள். அது போதாது என்று தலையையும் குனிந்துகொண்டாள். வந்த சனம் எல்லாம், "இந்தக் காலத்துல இவ்ளோ அடக்கமா ஒரு பொண்ணா" என்று வியந்துவிட்டுப் பந்திக்குப் போனது.

மாப்பிள்ளை ஆனந்தராஜ், அவனுடைய பயோடேட்டாவின்படி ஐந்தடி எட்டு. அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள் ஊரில் இருந்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் நின்றால் இவள் உட்கார்ந்தாள். கோயிலுக்கோ விருந்துக்கோ போனால் ஓரடி பின்னால், முதுகை வளைத்துக்கொண்டு நடந்தாள். அவள் நன்றாகப் பார்த்தது அவனுடைய செருப்பைத்தான். அவனும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நல்லவனாகத்தான் இருந்தான். விமானம் ஏறிப் போய்விட்டான்.

ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும்போது ஒரே கேள்வி.

"இங்க வர்றதுக்கு உனக்கு இஷ்டம்தானே?"

"ம்" என்பாள் சங்கவி. போனில் உயரம் தெரியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் குரல் கேட்டாலே கழுத்து வளைந்துவிடும். அந்தப் பக்கம் திரையில் வகிடும் நெற்றியும் மட்டுமே தெரிந்திருக்கும்.

"ஏன் சும்மா சும்மா அதையே கேட்டுக்கினு இருக்காரு?" என்று கிருஷ்ணவேணி புருவத்தைச் சுருக்குவாள். "உயரம் தெரிஞ்சி போயி, கழட்டி உட பாக்குறாரோ என்னாவோ."

இதைக் கேட்டதும் சங்கவி போனை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். செருப்பை மட்டுமே பார்த்திருந்தாலும் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் யாரும் கவனிக்காதபோது தன் இலையிலிருந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உருண்டையை அவள் இலைக்குத் தள்ளியவன் அவன். விசா வந்து ஒரு வாரமாயிற்று. டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா சொல்வது சரியாகப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வாட்ஸப்பில் செய்தி வந்தது.

'டிக்கெட் போடப் போறேன். தோஹா வழியா. முதல் ஃப்ளைட் நாலரை மணி நேரம், ரெண்டாவது பதினாறு மணி நேரம். இப்பவே சீட்டும் எடுக்கணும். பயோடேட்டால உன் ஹைட் 5'7" போட்டிருக்கு. அதுக்கு சாதா சீட் போதும். போதுமா? இல்ல வேற சீட் வேணுமா?'

வீடே கூடிப் படித்தது. டிக்கெட் என்ற சொல்லில் வந்த சந்தோஷம் 5'7" என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"போதும்னு போட்டுடு பாப்பா" என்றார் வேங்கடேசன். "பதினாறு மணி நேரந்தானே. நாங்கல்லாம் கரும்பு லோடு மேல குந்திக்கினு ராத்திரி பகலா போயிருக்கோம்."

"உங்க முட்டி நோவுனா லாரிய நிறுத்தி இறங்கி நடந்திருப்பீங்க. இவ பிளேன்ல எங்க இறங்குவா?" என்றாள் கிருஷ்ணவேணி.

முட்டிதான் விஷயம். கல்லூரியில் சங்கவி வாலிபால் ஆடியவள். ஒரு போட்டியில் எகிறி அடித்துவிட்டு இடது காலில் தப்பாக இறங்கினாள். இப்போது நடக்கலாம், ஓடலாம், படி ஏறலாம். மடக்கியே வைத்திருந்தால் மட்டும் இரண்டு மணி நேரத்தில் வீங்கிக்கொள்ளும். விசாவுக்காகச் சென்னைக்குப் பஸ்ஸில் போய் வந்ததற்கே மூன்று நாள் மாடிக்குப் போக முடியவில்லை.

"முட்டி வலின்னு சொல்லிக்கோ. உயரத்த ஏன் நடுவுல இழுக்கற?" என்று கிருஷ்ணவேணியே ஒரு வழியும் சொன்னாள். வேங்கடேசனுக்கு அதுவும் சம்மதமில்லை. முட்டியைச் சொன்னால் வாலிபாலைச் சொல்ல வேண்டும், வாலிபாலைச் சொன்னால் உயரம் தானாக வந்துவிடும் என்றார். ஒரு பொய்யைக் காப்பாற்ற மனிதர் எவ்வளவு தூரம் யோசிக்கிறார் பாருங்கள்.

"நான் ஜெசிந்தாவ பாத்துட்டு வர்றேன்" என்று சங்கவி கிளம்பினாள்.

ஜெசிந்தா அவளோடு ஒரே அணியில் ஆடியவள். இவள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஐந்தடி இரண்டுதான். இப்போது திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். வளைகுடாவுக்குப் போகிற ஆட்களில் பாதிப் பேர் அவள் கையால் போனவர்கள்.

பஸ்ஸில் சங்கவிக்கென்று ஒரு சீட் உண்டு. முன்படிக்கட்டுக்கு நேர் பின்னால், எதிரே சீட் இல்லாத இடம். அன்று அதில் ஒரு அம்மாள் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். சங்கவி மூன்றாவது வரிசையில் ஒருக்களித்து உட்கார்ந்து காலை நடைபாதையில் விட்டுக்கொண்டாள். "காலை உள்ள இழும்மா, ஆளுங்க போற வழி" என்று கண்டக்டர் விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டார். உள்ளே இழுத்தால் முட்டி முன்சீட்டு இரும்பில் இடித்தது. திண்டிவனத்தில் இறங்கும்போது முட்டி கனத்தது. முதுகும் வளைந்துகொண்டது. மாமியார் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஏழு மாதமாக அந்த ஊர் எல்லைக்குள் அவள் நிமிர்ந்து நடந்ததில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ஜெசிந்தா சிரிக்கவில்லை. தையற்காரர் டேப்பை எடுத்தாள். கடையிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒரு முதுகுக்கும் அடுத்த முதுகுக்கும் நடுவே முப்பத்தொரு அங்குலம் அளந்து வைத்தாள்.

"சாதா சீட்டுன்னா நிறைய பிளேன்ல இவ்ளோதான். குந்து."

சங்கவி உட்கார்ந்தாள். முட்டி முன் நாற்காலியின் முதுகில் முட்டியது.

"இப்டியே ஒரு மணி நேரம் இரு. எனக்கு வேலை இருக்கு" என்று ஜெசிந்தா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வானூரிலிருந்து ஒரு பெரியவர் மகனுக்கு டிக்கெட் கேட்டு வந்தார். காலி நாற்காலிக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நெட்டைப் பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு ஏம்மா இப்டி குந்திக்கினு இருக்குது?"

"அமெரிக்கா போய்க்கினு இருக்காங்க. இன்னும் பதினஞ்சேமுக்கால் மணி நேரம் இருக்குது" என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். பெரியவர் முன் நாற்காலியில் உட்காரப் போனவர், யோசித்து, நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்.

ஐம்பதாவது நிமிஷம் சங்கவி எழுந்துவிட்டாள். முட்டி சுட்டது. ஜெசிந்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விமானத்தின் சீட் படத்தைத் திரையில் கொண்டு வந்தாள்.

"இத பாரு. கடைசி வரிசை வேணவே வேணாம், பின்னால சாயாது. எங்க அண்ணன் சகாயராஜ் தெரியாம அதுல குவைத் போய் எறங்கி, ஒரு வாரம் என்னை திட்டிக்கினு இருந்தான். இது செவுத்துக்கு எதிர் வரிசை. முட்டி இடிக்காது, ஆனா காலை முழுசா நீட்ட முடியாது. குழந்தைத் தொட்டில் மாட்டுற எடம் வேற. கைக்குழந்தையோட யாருனா வந்தா உன்னை எழுப்பி வேற எடத்துக்கு அனுப்பிடுவாங்க."

"அப்போ?"

"எமர்ஜென்சி கதவு வரிசை. முன்னால சீட்டே இல்ல. ஜன்னல் ஓரம் மட்டும் வேணாம், சிலதுல கதவு துருத்திக்கினு காலுக்கு இடிக்கும். உனக்கு நோவுறது எந்த முட்டி?"

"இடது."

"அப்போ நடைபாதை உனக்கு இடது கைப்பக்கம் வரணும். இந்த பிளேன்ல D, இல்லன்னா H. H எடு, மூணு சீட்டு கட்டு. நடுவுல நாலு பேர் வரிசையில மாட்டிக்க வேணாம். கைப்பிடிக்குள்ள சாப்பாட்டுத் தட்டு மடக்கி வெச்சிருப்பாங்க, அதனால கொஞ்சம் நெருக்கும். நீ ஒல்லிதானே, பரவால்ல. பிளேன மாத்தினா சீட்டும் மாறும், கிளம்புற வரைக்கும் அப்பப்போ பாத்துக்கினே இருக்க சொல்லு."

"முட்டி வலின்னு சொல்லி அத கேட்டா?"

"கேட்டா குடுக்க மாட்டாங்க. ஆபத்துன்னா கதவு தொறக்க ஒத்தாசை பண்ற ஆளு அங்க குந்தணும். நல்லா ஓடியாடுறவங்கதான் குந்தலாம். உனக்கு ஓட முடியுமா?"

"காலையில ரெண்டு கிலோமீட்டர் ஓடிட்டுதான் வந்தேன்."

"அப்போ உனக்கு நோவு இல்லடி. எடம்தான் பத்தல. அத சொல்லு." ஜெசிந்தா டேப்பைச் சுருட்டினாள். "அங்க போயும் புடவைக்குள்ள முட்டிய மடக்கிக்கினுதான் நிப்பியா? எவ்ளோ வருஷத்துக்கு?"

சங்கவி முன்னாலிருந்த நாற்காலியைத் தள்ளி வைத்தாள். இருபது மணி நேரத்தைப் பற்றித்தான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இருபத்தேழு வயதில் இத்தனை நாள் குனிந்தது போதும் என்று திடீரென்று கோபம் வந்தது. அப்பா மேலா, தரகர் மேலா, தன் மேலேயா என்று தெரியவில்லை. போனை எடுத்து, நின்றுகொண்டே தட்டினாள்.

'சாதா சீட் போதாதுங்க. என் உயரம் ஆறடி. பயோடேட்டால குறைச்சிப் போட்டது. எமர்ஜென்சி வரிசையில H சீட் வேணும்.'

அனுப்பினாள். டாலஸில் அப்போது விடியவில்லை. ஒற்றை டிக் இரண்டாகி நின்றது.

திரும்பி பஸ் நிலையத்துக்கு நிமிர்ந்தே நடந்தாள். ஜவுளிக்கடை வாசலில் தொங்கிய சுடிதார் ஒன்று முகத்தில் அடித்தது. ஏழு மாதமாக அதற்குக் கீழேயே போய் வந்திருக்கிறாள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் வேங்கடேசன் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"அழிச்சிடு பாப்பா. இன்னும் பாக்கலன்னா அழிச்சிடலாமாமே."

"அழிச்சா, அழிச்சேன்னு அங்க காட்டும்பா."

"போனு தப்பா அடிச்சிடுச்சின்னு சொல்லு."

"ஆறடின்னு போனா அடிச்சிச்சி?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு பேரு போனாங்க. பன்னெண்டாவதும் போயிடும்னு பயந்துட்டேன். உன்னை எவனும் வேணாம்னு சொல்லக் கூடாதுன்னுதான் பண்ணேன்" என்றார். சங்கவிக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. பயம் இறங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு டிக் இரண்டும் நீலமாயின. பதில் வரவில்லை. ஐந்து ஐந்து, ஐந்து பத்து. கிருஷ்ணவேணி கற்பூரம் தேடிக்கொண்டு சாமி மாடத்துக்குப் போனாள். ஐந்து இருபதுக்கு வீடியோ கால் வந்தது.

ஆனந்தராஜ் அப்போதுதான் எழுந்த முகத்தோடு இருந்தான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அத்தை இருக்காங்களா? அவங்க கைல போன குடு. நீ போய் செவுத்த ஒட்டி நில்லு."

கிருஷ்ணவேணி போனைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் அவனுக்கு முதலில் மின்விசிறியும் பிறகு காலண்டரும் தெரிந்தன. "அத்தை, கொஞ்சம் கீழ... இன்னும் கொஞ்சம்... அங்கதான்" என்று அவனே வழி சொன்னான். சங்கவி சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கழுத்து வழக்கம்போல வளைந்திருந்தது.

"தலைய தூக்கு" என்றான்.

தூக்கினாள். முட்டியையும் நிமிர்த்தினாள். பின்னந்தலை சுவரில் பட்டது. ஏழு மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். வலது புருவத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அதை அவள் கல்யாண போட்டோவில்கூடக் கவனித்ததில்லை.

அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தான்.

"ரிசப்ஷன்ல ஏன் குனிஞ்சிக்கினே இருந்த?"

"உயரம் தெரியக் கூடாதுன்னு."

"அதுக்கப்புறம் பன்னெண்டு நாளும்?"

"அதுக்குத்தான்."

"போன்லகூட?"

"பழகிப் போச்சிங்க."

ஆனந்தராஜ் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். "உன் உயரம் எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். தூங்கும்போது உன் கால் கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சி. அது ஒரு விஷயமே இல்ல. நான் நினைச்சது வேற. பன்னெண்டு நாள்ல ஒரு தடவகூட நீ என் மூஞ்சிய பாக்கல. உங்க வீட்ல வற்புறுத்தி கட்டி வெச்சிட்டாங்க, உனக்கு என்னைப் புடிக்கலன்னு நினைச்சேன். அதான் வாரா வாரம் இஷ்டமா இஷ்டமான்னு கேட்டுக்கினு இருந்தேன். நீ குனிஞ்சிக்கினே ம்னு சொல்லுவ. விசா வந்தும் டிக்கெட் போட மனசு வரல."

உயரத்தை மறைத்ததாக நினைத்துக்கொண்டு ஏழு மாதம் அவள் மறைத்து வைத்தது வேறு ஒன்றை.

"அப்புறம்தான் சீட்ட கேட்டு பாக்கலாம்னு தோணிச்சி" என்றான். "அஞ்சு ஏழு பொய்யின்னு எனக்குத் தெரியும். சாதா சீட்ல உன்னால குந்த முடியாதுன்னும் தெரியும். வர மனசு இருக்கறவ நல்ல சீட்டா கேப்பா. மனசு இல்லாதவ எந்த சீட்டா இருந்தா என்னான்னு போதும்னு சொல்லிடுவான்னு நினைச்சேன். எழுந்ததும் பாக்கறேன், H வேணுமாம். H-ங்கறதகூட நீயே பாத்து வெச்சிருக்க."

"இடது காலை நீட்டணுங்க. அந்தப் பக்கம் நடைபாதை வருது."

"நீட்டு. நல்லா நீட்டு."

அதுவரை கதவோரம் நின்றிருந்த வேங்கடேசன் போனுக்கு முன்னால் வந்தார். "மாப்ள, அந்த அஞ்சு ஏழு நான் போட்டது. பாப்பா மேல தப்பு இல்ல" என்றார்.

"தெரியும் மாமா. எனக்கு எட்டுன்னு போட்டிருந்ததே, அதுல ஒரு இன்ச் எங்கம்மா போட்டது" என்றான் ஆனந்தராஜ். வேங்கடேசன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரையில் அவன் மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டான். முப்பதாவது வரிசை, H, காலியாக இருக்கிறது என்றான். அங்கே உட்காருகிறவர் அவசரத்துக்குக் கதவைத் திறக்கத் தயாரா என்று கேட்டிருக்கிறது என்றான்.

"தயார்னு போடுங்க."

விரல் ஒரு கட்டத்தில் நின்றது. பணம் கட்டுகிற இடத்துக்கு வந்திருப்பான். அவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

"கடைசியா ஒரு தடவ கேட்டுக்கறேன். இங்க வர்றதுக்கு உனக்கு இஷ்டம்தானே?"

சங்கவி சுவரை விட்டு முன்னால் வந்து அம்மா கையிலிருந்த போனை வாங்கினாள். அதைத் தன் முகத்துக்கு நேராக, தன் முழு உயரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இஷ்டம்தாங்க. ரொம்ப இஷ்டம். சீட்டு போயிடப் போவுது, ஜல்தி போடுங்க" என்றாள், அவனைப் பார்த்துக்கொண்டே.